எலுமிச்சம்பழம் யாருக்கு?

செவ்வாய், இரவு.

மகன் சிவாவுக்குச் சீருடைத் துணி எடுக்க இன்று இருவரும் சேலம் போனோம். அவன் அம்மா மல்லிகா இறந்த பிறகு மலை இறங்குவது இதுதான் முதல் தடவை.

முதல் கொண்டை ஊசி வளைவிலேயே எனக்கு வயிற்றைப் பிரட்டியது. ஏற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு மலை பஸ் ஒத்துக்கொள்ளாது என்றால் ஊரே சிரிக்கும். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சிவா கால்சட்டைப் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தான். பக்கத்து சீட்டு அம்மா, "பழம் யாருக்குச் சாமி?" என்று கேட்டார்.

"எனக்குத்தானுங்க. வளைவு வந்தா நொம்பக் கொமட்டுமுங்க" என்று கண்ணைச் செருகிக் கன்னத்தை உப்பிக் காட்டினான். அந்த அம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டார். கண்டக்டர் ஓடிவந்து ஒரு கவர் கொடுத்தார். அவர்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் பழத்தை என் கையில் வைத்து அழுத்திவிட்டு, முறுக்கைக் கடிக்க ஆரம்பித்துவிட்டான்.

மல்லிகாவும் இப்படித்தான். யார் கேட்டாலும் "பையனுக்குங்க" என்பாள். அவனுக்கு ஒரு நாளும் குமட்டியதில்லை.

"உனக்கு யார்ரா சொன்னது?" என்று காதோடு கேட்டேன்.

"அம்மாதான். ஆஸ்பத்திரியில. இனிமே அப்பாவுக்கு நீதான் பழம் எடுத்துட்டுப் போகோணும், வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லுச்சு."

இப்போது தூங்குகிறான். வாயோரம் முறுக்குத் தூள் இன்னும் ஒட்டியிருக்கிறது.

என்னிடம் மட்டும் மல்லிகா, "சரியாயிருமுங்க, ஊட்டுக்குப் போயிரலாம்" என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.