பாட்டிலில் ஒட்டிய சீட்டு

என் கையுறைகளைப் போட்டிருக்கும் தங்கச்சிக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். அவளே என் கையைத் தட்டிவிடுகிறாள்.

தேசியக் கால்பந்துக் கோப்பை அரையிறுதி முடிந்ததும் கோச் கூப்பிட்டார். "பெனால்டியில நீ எழுதி அனுப்பின சீட்டுதாம்மா ஜெயிச்சுக் குடுத்துச்சு. குழந்தை பொறந்து ஏழு மாசம் ஆச்சுல்ல? ஃபைனலுக்கு நீயே கோல்ல நில்லு" என்றார். தலைகால் புரியாமல் சரி என்று சொல்லிவிட்டேன்.

பிறகுதான் ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். எதிரணியில் யார் எந்தப் பக்கம் உதைப்பார்கள் என்று நான் எழுதி அனுப்பிய சீட்டு உன் தண்ணீர் பாட்டிலில் ஒட்டியிருந்தது. முதல் பெனால்டிக்கு அதை நம்பி இடப்பக்கம் பாய்ந்தாய். பந்து வலப்பக்கம் போனது. அதன்பின் ஒவ்வொரு முறையும் சீட்டைப் பார்த்துவிட்டு நேர் எதிர்ப்பக்கமே பாய்ந்தாய். இரண்டைத் தடுத்தாய்!

சீட்டு எழுத நான் பார்த்த பழைய ஆட்ட வீடியோ, உதைப்பவர்களின் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்தது. மடியில் பாப்பா அழ, திரையில் தெரிந்த இடதை அப்படியே இடது என்று எழுதிவிட்டேன். கோலில் நிற்பவளுக்கு அது வலது. எட்டு வருடம் கோலில் நின்றவள் செய்கிற தப்பா இது? ஒரே உதையில் கண்டுபிடித்தாயே, ராட்சசி! தோற்றால் மூட்டை கட்ட வேண்டிய ஆட்டத்தில் எனக்கு அந்த நிதானம் வந்திருக்காது. அதற்கும் மேலே, யாரிடமும் நீ மூச்சுவிடவில்லை.

கோச்சிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அடிப்பாவி, அவ உன்னையில்ல புகழ்ந்துகிட்டிருந்தா!" என்றார். ஃபைனலில் நீதான் நிற்கிறாய். கோலுக்குப் பின்னால் எனக்கு ஓர் இடம் பிடித்து வை. பாப்பாவுக்கு என் மடி போதும். பெனால்டிச் சீட்டு மட்டும் என்னிடம் கேட்காதே.

இப்படிக்கு,
இடது வலது மறந்த உன் அக்கா