உப்பு என்று சொல்லி வாங்கிய முத்திரைகள்

ஜனவரி 17, 1947, வெள்ளி

அன்பு மகள் ஹட்சுயேவுக்கு அம்மா எழுதுவது. கை உன் தங்கை தொமிகோவினுடையது, வாய் என்னுடையது. கூரைமேல் ஓர் ஆள் உயரத்துக்குப் பனி ஏறியிருக்கிறது, அதைத் தள்ளிவிட எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது, ஆகவே நாங்கள் நலம் என்றே வைத்துக்கொள். உன் நலத்தை நீ அனுப்பிய படத்திலேயே பார்த்துக்கொண்டோம். தலையில் என்னடி அது? யோகோஹாமாவில் இடி விழுந்ததாகப் பேப்பரில் ஒன்றும் போடவில்லையே. தோற்ற நாட்டைத் திருத்த வந்தவர்கள் சட்டத்தைத் திருத்தட்டும், பள்ளிக்கூடத்தைத் திருத்தட்டும், என் மகள் தலைமுடியையும் சுருட்டித்தான் திருத்த வேண்டுமா? அமெரிக்கர் அலுவலகத்தில் நாளெல்லாம் தட்டச்சு அடிக்கிறாய், விரல் விறைத்துப் போகும், கம்பளி உள்சட்டையைக் கழற்றாதே. அழகு போய்விடும் என்று பயப்படாதே, அந்தத் தலைக்குக் கீழே எவரும் பார்க்கப் போவதில்லை. உழுகிறவருக்கே நிலம் என்று சட்டம் வந்துவிட்டது. பெரிய வீட்டு ஐயாவிடம் அப்பா காலத்திலிருந்து குத்தகைக்கு உழுகிற வயல் இந்த வசந்தத்தில் நம் பெயருக்கு வந்துவிடும் என்கிறார்கள். போரிலிருந்து அப்பா திரும்பி வந்திருந்தால் வரப்பிலேயே பாய் விரித்துப் படுத்திருப்பார். முதல் அரிசி உனக்குத்தான்.

இதுவரை சாயங்காலம் அம்மா சொல்லச் சொல்ல எழுதியது, அக்கா. இனி வருவது நான் எழுதுவது. அம்மா தூங்கிவிட்டாள். கணப்பின்மேல் போர்த்திய போர்வைக்குள் விளக்கை மறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. அந்த வயல் நமக்கு வராது அக்கா. நான்தான் அதைக் கொடுத்துவிட்டேன்.

போன வாரம் அம்மா பனி தள்ளப் போயிருந்தபோது, பெரிய வீட்டுக் காரியஸ்தர் ஓகுமா, அறிவிப்புக் காகிதம் செருகி வீடு வீடாகச் சுற்றிவருமே, அந்தச் சுற்றுப்பலகையோடு வந்தார். உனக்குத் தெரியும், போர் நடந்த வருஷமெல்லாம் எண்ணெய்ப் பங்கீடு என்றாலும் அந்தப் பலகைதான், விளக்கை அணை என்றாலும் அந்தப் பலகைதான், மூங்கில் ஈட்டிப் பயிற்சி என்றாலும் அந்தப் பலகைதான். பலகை வந்தால் ஓடிப்போய் இழுப்பறையிலிருந்து, கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துகிற வீட்டு முத்திரையை எடுத்துக் குத்தி அடுத்த வீட்டில் கொடுப்பது ஆறு வயதிலிருந்து என் வேலை. அவரும் "என்ன கண்ணு, வழக்கம்போலக் குத்திட்டு அடுத்தடுத்த வீட்டுக்கும் நீயே கொண்டு போய்டு, சமத்தில்ல" என்றார். நான் சமத்துதானே, குத்தினேன். படிக்கவில்லை. அதோடு விட்டேனா, மற்ற நான்கு குத்தகை வீட்டுக்கும் பனியில் ஓடினேன். தானாபே அத்தை மட்டும் "என்னடி இது, ஏதாவது நல்ல சேதியா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "உப்புப் பங்கீடு அத்தை" என்றேன். "வாழ்க உன் வாய்" என்று சொல்லி, அழுத்திக் குத்தினாள். அன்றிலிருந்து என்னைப் பார்க்கிற போதெல்லாம் "உப்பு எங்கடி? கடல்லருந்து நடந்தா வருது?" என்று கேட்கிறாள்.

நேற்று வகுப்பில் காரியஸ்தர் மகள் எல்லார் முன்னாலும் சொன்னாள், "வசந்தத்துல உங்கம்மா எங்க ஐயா வயல்ல கூலிக்குத்தான் நாத்து நடணும். குத்தகை நிலத்தை மனசாரத் திருப்பிக் குடுக்கிறோம்னு அஞ்சு வீடும் முத்திரை போட்டாச்சே, நீதானேடி ஓடி ஓடி வாங்கினே?" என்று. நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடக் கூடத்தில், எந்த நிலம் யாருக்கு என்று முடிவுசெய்கிற நிலக்குழு கூடுகிறது. அந்தக் காகிதத்தை அங்கேதான் காட்டுவார்களாம். இனிமேல் யார் சொன்னாலும் யோசித்துப் பார்த்துத்தான் தலையாட்ட வேண்டும் என்று எங்கள் ஆசிரியர் புதிய பாடம் நடத்துகிறார். அவர் சொன்ன உடனே நாற்பது பேரும் தலையாட்டினோம்.

உன் அதிகாரியிடம் சொல்லி ஒரு ஜீப்பை அனுப்பச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடர்ந்தேன். ஆனால் ஞாயிறு போன பிறகுதான் இது உனக்கே வந்து சேரும். உன் கடிதங்களின் ஓரத்தைப் பிரித்து, படித்து, மறுபடி ஒட்டி ஒரு தணிக்கை ஐயா முத்திரை குத்துகிறாரே, அவரை நினைத்துக்கொண்டேன். அவர்கூடப் படித்துவிட்டுத்தான் குத்துகிறார். (ஐயா, இதையும் படிக்கிறீர்கள் அல்லவா, என் அம்மா தலைமுடி பற்றிச் சொன்னதற்குக் கோபப்படாதீர்கள்.) அதனால் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து இப்படி எழுதினேன்: நான் தொமிகோ, வயது பன்னிரண்டு. போன வாரம் வந்த காகிதத்தை நான் படிக்காமல் குத்தினேன், உப்பு என்று பொய் சொன்னேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் எவரும் அதைப் பார்க்கவில்லை. நிலத்தைத் திருப்பித் தர எங்களுக்கு மனமில்லை. உங்களுக்கும் மனமில்லை என்றால், இதைப் படித்த பிறகு முத்திரை போடுங்கள்.

காலையில் இதை மற்ற நான்கு வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டும். தானாபே அத்தை வீட்டுக்குக் கடைசியாகத்தான் போவேன். முதலில் நம் வீட்டு முத்திரை வேண்டுமே என்று இழுப்பறையைத் திறந்தேன். அங்கே இல்லை.

இப்போது எழுதுவது மறுபடி விளக்கை வெளியே வைத்து. முத்திரை அம்மா கையில் இருந்தது. எப்போது எழுந்தாளோ, எனக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "பேனா கீறுற சத்தமும் நீ மூக்கு உறிஞ்சுற சத்தமும் கேட்டா செத்தவங்க எந்திரிப்பாங்க" என்றாள். நான் தாளை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "எனக்குப் பாதி எழுத்துதான் தெரியும். நீ முழுசா வாசி. உப்புன்னு மட்டும் சொல்லாதே" என்றாள். வாசித்தேன். நடுவில் இரண்டு முறை அழுதேன், அழுதால் வார்த்தை விட்டுப்போகும் என்று அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். பிறகு முத்திரையில் ஊதி, மையில் தொட்டு, நிதானமாக அழுத்தினாள். அடிக்கவே இல்லை, அக்கா. வீட்டுக்கு வீடு நீதான் கதவைத் தட்ட வேண்டும், நான் தெருமுனையில் நிற்பேன், ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உன் பக்கத்தில் உட்காருவேன் என்று மட்டும் சொன்னாள். தானாபே அத்தைக்கு நம் ஜாடியிலிருந்து ஒரு கிண்ணம் உப்பும் கொண்டுபோகிறேன்.

கடைசி வரிகளை அம்மா சொல்கிறாள். ஹட்சுயே, நோய் நொடி இல்லாமல் இரு, யார் எதை நீட்டினாலும் முழுதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு, கல்யாணக் காகிதமானால் இரண்டு முறை படி. தொப்பி போட்டு இன்னொரு படம் எடுத்து அனுப்பு. எங்களுக்காக ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு நிமிஷம் வடக்கே நம் ஊர்ப் பக்கம் பார்த்து நில்.

அம்மா
(முத்திரை. இந்தக் கடிதத்தையும் முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே குத்தியது.)