மூன்று தளங்களைப் பற்றி நான் எழுதியது

ஹைதராபாத்

அன்புள்ள அப்பாவுக்கு மேரிசெல்வியின் வணக்கம். உப்பளத்துத் தண்ணீரில் வெடித்த உங்கள் கால் ஆறிவிட்டதா? அம்மாவுக்கு இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன்.

ஆபீசில் சின்ன மாற்றம், பயப்பட ஒன்றுமில்லை. விளம்பரப் படங்களுக்கு முன்கூட்டியே காட்சிகளை வரைந்து தருவதுதானே எங்கள் வேலை. அதற்கு எந்த இணையதளம் நல்லது என்று மூன்றை ஒப்பிட்டு எழுதச் சொன்னார்கள். ஒன்றில் நாமே வரையலாம், நாளாகும். இன்னொன்று வரைந்ததை நாலு பேருக்குக் காட்ட மட்டும். மூன்றாவதில் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கும் பொம்மைகளை இழுத்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதுதான் வேகம் என்று உள்ளதை எழுதினேன்.

மறுவாரமே, இனி கையால் வரைகிறவர்கள் தேவையில்லை என்று எல்லோரையும் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பொம்மைகளை இழுத்து வைக்க என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். பக்கத்து இருக்கை ரேணுகா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "நீதான் எழுதினியாமே?" என்றாள்.

"ஆமாண்டி."

"கையால வரையறதுக்காக ஒரு வரி எழுதியிருக்கலாம்ல?"

எனக்குத் தோன்றவே இல்லை, அப்பா.

இப்போது தனியாகத்தான் சாப்பிடுகிறேன். ரேணுகா ஊருக்கே திரும்பிவிட்டாள், போன் செய்தால் எடுப்பதில்லை. அடுத்த முறை புதுச்சேரிக்குப் போகும்போது பொம்மையார்பாளையத்தில் இறங்கி அவள் வீட்டுக்குப் போய் வாருங்கள். ஆபீசில் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். நான் அனுப்பியதாகச் சொல்ல வேண்டாம். அவள் இன்னும் வரைகிறாளா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள்.

உங்கள் மகள்,
மேரிசெல்வி