குறைத்துப் போட்ட ஐந்து வயது

மார்ச் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

கால் வீக்கம் வடிந்ததா? டயாலிசிஸ் முடிந்த நாளில் படியேறாதே.

உனக்குச் சிறுநீரகம் தர எனக்குப் பன்னிரண்டாம் தேதி பரிசோதனை என்று எழுதியிருந்தாய். அதற்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் என் வயதில் ஐந்தைக் குறைத்துப் போட்டுவிட்டார். சான்றிதழ்ப்படி அறுபத்தாறு, உண்மையில் எழுபத்தொன்று. நூலகத்தில் மூன்று புத்தகங்கள் பார்த்துக் குறிப்பெடுத்தேன். நாற்பதுக்குமேல் சிறுநீரகம் வடிகட்டும் திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுமாம். வயதானவர்களுக்கு மயக்க மருந்தும் ஆபத்தாம். என்னுடையது உனக்கு எத்தனை நாள் உழைக்கும்? யோசித்துச் சொல்.

அப்பா

மார்ச் 8

அப்பாவுக்கு,

போனில் கேட்டால் மழுப்புவீர்கள், அதனால் எழுதுகிறேன். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் ஐந்து வருடம் கூடுதலாக உட்கார்ந்தீர்கள். அப்போது வாயே திறக்கவில்லை. என் முறை வந்ததும் உண்மை ஞாபகம் வந்துவிட்டது.

உங்கள் மாப்பிள்ளை கடிதத்தைப் படித்துவிட்டு, "மாமா பயப்படுறார், விடு" என்றார். "எங்கப்பா அப்படியில்ல" என்று அவரோடு சண்டை போட்டேன்.

பன்னிரண்டாம் தேதி வருகிறீர்களா, இல்லையா?

மகள்

மார்ச் 14

அன்புள்ள பாப்பா,

அன்று பேருந்து நிலையம்வரை போனேன். பழைய மருத்துவச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப்போயிருந்தேன். இரண்டு பேருந்துகளைப் போகவிட்டு, வீட்டுக்குத் திரும்பினேன். பயமா, நியாயமான யோசனையா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கோபப்படாதே.

அப்பா

ஏப்ரல் 2

அப்பாவுக்கு,

என் மாமியார் தருகிறார். அவருக்கு எழுபத்திரண்டு. "வயசாச்சே அத்தை" என்று இழுத்தேன். "வயசு எனக்குத்தானே? கிட்னிக்கு என்னன்னு டாக்டர் பாத்துச் சொல்லட்டும். நீ சும்மா கிட, கழுதை" என்றார். டாக்டர் பார்த்தார். சரி என்றார்.

வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை. நீங்கள் வர வேண்டாம்.

ஏப்ரல் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் சம்பந்தியம்மாவும் தேறியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளை போனை எடுப்பதில்லை.

நேற்று இங்கே தனியாகப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டேன். படிவத்தில் உண்மையான வயதையே எழுதினேன். டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டு, "என்ன சார், அம்பது வயசுக்காரன் கிட்னிய வச்சிருக்கீங்க! யாருக்காவது குடுக்கப்போறீங்களா?" என்று சிரித்தார்.

"இல்ல டாக்டர், சும்மாதான் பாத்தேன்" என்றேன்.

அப்பா