பூட்டிய கிடங்கில் எங்கள் விதைநெல்

அனுப்புநர்:
நெல் விவசாயி (பதினைந்து வீட்டாரின் சார்பில்),
வாய்க்கால் கடைமடைக் குடியிருப்பு.

பெறுநர்:
மாவட்ட நிர்வாக அதிகாரி அவர்கள்,
மாவட்டத் தலைமை அலுவலகம்.

பொருள்: நொடித்துப்போன தானிய வியாபாரியின் சீல் வைத்த கிடங்கில் உள்ள, எங்களால் விற்கப்படாத விதைநெல் நாற்பத்தொரு மூட்டைகளைத் திருப்பித் தரக் கோருதல்.

பார்வை: இதே பொருளில் நான் கொடுத்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் முதல் மனுவைத் தங்கள் அலுவலகம் வேளாண் அலுவலகத்துக்கு அனுப்பியது. அவர்கள் அதை வியாபாரிக்குக் கடன் கொடுத்த வங்கிக்கு அனுப்பினார்கள். சீல் வைத்தது தாங்கள்தான் என்று வங்கி தங்களுக்கே திருப்பிவிட்டது. அந்த மனு போய்வந்த தூரம் நான்கூடப் போனதில்லை. மற்ற இரண்டும் எங்கே இருக்கின்றன என்று சொல்ல ஆளில்லை. ஆகவே இதைத் தபாலில் சேர்க்காமல் நேரில் கொண்டுவந்து கொடுக்கிறேன்.

2. எங்கள் பகுதியில் பத்தொன்பது ஆண்டுகளாக நெல் வாங்கிவந்த அந்த வியாபாரி, இந்த அறுவடையில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் நெல்லை வாங்கிக்கொண்டு, பணம் கொடுக்கும் முன்பே நொடித்துப்போனார். கைப்பேசியை அணைத்துவிட்டு வீட்டைக் காலி செய்தார். கடைக் கதவில் ஒட்டியிருந்த தாளில் "மன்னிக்கவும்" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை. மறுவாரம் தங்கள் ஊழியர்கள் வந்து கிடங்குக்குச் சீல் வைத்தார்கள். விற்ற நெல்லுக்கான பணம் வழக்கில் இருக்கிறது. அது வரும்போது வரட்டும். இந்த மனு அதைப் பற்றியது அல்ல.

3. அதே கிடங்கின் மேற்கு மூலையில், பலகை அடுக்கி அதன்மேல் எங்கள் விதைநெல்லைத் தனியே வைத்திருந்தோம். போன ஆண்டு மழையில் எங்கள் வீடுகள் ஒழுகி விதை வீணாயிற்று. அதனால், காய்ந்த இடமாயிற்றே என்று, அவரிடம் கேட்டு அங்கே வைக்கச் சொன்னவள் நான். என் பேச்சைக் கேட்டுத்தான் மற்ற பதினான்கு வீட்டாரும் வைத்தார்கள். வியாபாரியிடம் எடைபோடுபவர் ஒவ்வொருவருக்கும் "விற்பனைக்கு அல்ல" என்று எழுதி முத்திரை குத்திய சீட்டுக் கொடுத்திருக்கிறார். பதினைந்து சீட்டுகளின் நகல்களும் இத்துடன் உள்ளன. மூட்டைகளின் வாயைப் பச்சை நூலால் தைத்திருக்கிறோம். கிடங்கில் வேறு யாரும் பச்சை நூல் போடவில்லை.

4. இதையெல்லாம் தங்கள் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் இருக்கும் எழுத்தரிடம் காட்டினேன். "கிடங்குல இருக்கறது எல்லாமே வியாபாரியோடதுதாம்மா. உங்களோடதுன்னு அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்றார். அந்த வியாபாரி கையில் கிடைத்தால் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவோமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. வந்த காரியம் கெட்டுவிடக் கூடாதே என்று நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

5. கிடங்குக் கூரையில் இரண்டு தகடுகள் பெயர்ந்துள்ளன. வியாபாரி வைத்த காவலாளி தினமும் வாசலில் இருக்கிறார். அவருக்கும் சம்பளம் நின்று மூன்று மாதமாகிறது. போ என்றும் யாரும் சொல்லாததால் உட்கார்ந்திருக்கிறார். "அக்கா, உள்ள எலி ஓடுற சத்தம் பகல்லயே கேக்குது" என்று அவர்தான் சொல்லியனுப்பினார். போய்ப் பார்த்தேன். மேற்கு மூலைச் சுவரடியில் தண்ணீர் வெளியேறும் துவாரம் வழியாக எலிகள் எங்கள் நெல்லை இழுத்துவந்து போட்டிருந்தன. எலிகளுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. அதில் நூறு மணிகளைப் பொறுக்கி, ஈரத் துணியில் கட்டி முளைக்க வைத்தேன். எண்பத்தாறு முளைத்தன. இரண்டு வாரம் கழித்து மறுபடி பொறுக்கிப் பார்த்தபோது எழுபத்தொன்று. நேற்றுப் பிரித்த துணியில் ஐம்பத்தெட்டு. சீலை உடைக்காமல், வெளியே கிடந்ததை மட்டுமே எடுத்தேன். அதுவும் தவறு என்றால் அது என் தவறு, காவலாளியுடையது அல்ல.

6. கடையில் விதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று வேளாண் அலுவலகத்தில் சொன்னார்கள். எங்களுடையது உப்பு ஏறிய நிலம். கடை விதை எங்கள் நாற்றங்காலில் முளைத்த ஐந்தாம் நாளே கருகிப்போகும். இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டோம். வாய்க்காலில் பத்தாம் தேதி தண்ணீர் விடுகிறார்கள். கடைமடைக்கு வருவது நான்கைந்து நாள்தான். அதற்குள் விதைக்காவிட்டால் இந்தப் போகம் தரிசுதான்.

7. பக்கத்து வயல்காரப் பெண் வரப்பில் என்னைக் கண்டால் திரும்பி வேறு வரப்பில் போகிறாள். அவளுடைய நான்கு மூட்டைகள் உள்ளே இருக்கின்றன. அவளைக் குறை சொல்ல மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை என் கொழுந்தனார் கடப்பாரையோடு வண்டியில் கிளம்பிவிட்டார். "நம்ம நெல்லை நாம எடுத்தா திருட்டா அண்ணி?" என்றார். இன்னும் ஒரே ஒரு மனு எழுதுகிறேன், அதுவரை பொறுங்கள் என்று வண்டியை மறித்து நின்றேன். முன்பும் இதைத்தானே சொன்னீர்கள் என்று அவர் கேட்டார். ஆனாலும் கடப்பாரையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரை அடுத்த முறையும் நிறுத்த என்னால் முடியுமா என்று தெரியாததால் எழுதுகிறேன்.

ஐயா, நாங்கள் கேட்பது அரை நாள். தங்கள் ஊழியர் முன்னிலையில் பூட்டைத் திறந்து, சீட்டையும் பச்சை நூலையும் ஒப்பிட்டு, நாற்பத்தொரு மூட்டைகளை எண்ணி எடுத்துக்கொள்ள உத்தரவிடுங்கள். வியாபாரியின் நெல்லில் ஒரு மணியைக்கூடத் தொட மாட்டோம். பிறகு தாராளமாகச் சீல் வையுங்கள். கூரைத் தகடுகளை நாங்களே கூலியில்லாமல் மாற்றித் தருகிறோம்.

வரும் வியாழன் காலை ஒன்பது மணி முதல் பதினைந்து வீட்டாரும் கிடங்கு வாசலில் காத்திருப்போம். சாவியோடு ஒருவரை அனுப்பிவைக்க வேண்டுகிறேன். தர முடியாது என்பதுதான் முடிவு என்றால், அதையும் சொல்ல ஒருவரை அனுப்புங்கள். எங்கள் முகத்தைப் பார்த்து அவர் சொல்லட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
நெல் விவசாயி
மற்றும் பதினான்கு வீட்டாரின் கையொப்பங்கள், கைநாட்டுகள்

நாள்: ஜூன் 3
இடம்: கடைமடைக் குடியிருப்பு

இணைப்பு: எடைச் சீட்டு நகல்கள் - 15, நேற்று முளைக்காமல் போன நெல்மணிகள் - 42, ஒரு காகிதப் பொட்டலத்தில்.