கேரியரின் மேல் அடுக்கில்

அபிராமபுரம்
9 ஜூன் 2025

கண்ணே ரஞ்சனி,

போனில் பேசினால் உன் மாமியார் ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார். அதனால்தான் வத்தக்குழம்புக்கு மேல் அடுக்கில் இதை வைத்து அப்பாவிடம் அனுப்புகிறேன்.

வளைகாப்பு வைத்து உன்னைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவர நாள் சொல்லாமல், வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று இழுத்தடித்தேனே, பொய். எனக்கும் மூன்று மாதம். நாற்பத்துநாலு வயதில்! நிற்கிற வயது, நின்றுவிட்டது என்று நினைத்திருந்தேன்.

வைத்துக்கொள்வதா வேண்டாமா, வெள்ளிக்கிழமை டாக்டரிடம் சொல்ல வேண்டும். அப்பா, "நீ சொல்றதுதான் விசாலம்" என்றுவிட்டு மொட்டைமாடிக்கே குடிபோய்விட்டார். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. ஆனால் மத்தியானம் கண்ணயர்ந்தால் கூடமெல்லாம் தண்ணீர். நீ சின்னவளாக மிதந்து வருகிறாய், யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு. எழுந்த பிறகும் பாதம் சில்லென்றிருக்கிறது.

அம்மா

தி. நகர்
10 ஜூன்

அம்மா,

கோபம் கோபமாக வருகிறது. எனக்கு யார் பத்தியச் சாப்பாடு சமைப்பார்கள்? என் குழந்தையை யார் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார்கள்? இது என் முறை இல்லையா?

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பாயே, சர்க்கரை வைத்திருக்கிறேன்.

ரஞ்சனி

அபிராமபுரம்
12 ஜூன்

ரஞ்சனிக் குட்டி,

உன் முறைதான். நாளை பதினோரு மணிக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். உன் சர்க்கரையில் பாயசம் வைத்தேன், சாப்பிடு. இன்றும் அதே தண்ணீர். நீ மட்டும்தான் வந்தாய்.

அம்மா

தி. நகர்
13 ஜூன், காலை

அம்மா,

பாயசத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன். உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம், நான் கூடவே வருகிறேன். எனக்காக வேண்டாம் என்றால் மட்டும் உன்னோடு பேசவே மாட்டேன்.

மாமியாரிடம் சொல்லிவிட்டேன். "அதனாலென்னடி, ரெண்டு பேருக்குமா சேர்த்து லேகியம் கிளறிண்டாப் போச்சு" என்கிறார்!

மேல் அடுக்கில் ஒரு டஜன் பச்சை வளையல். என் வளைகாப்புக்கு ரங்கநாதன் தெருவில் வாங்கியதில் உன் அளவு. போட்டுக்கொண்டு போனாலும் சரி, கழற்றி வைத்தாலும் சரி. உன் இஷ்டம்.

ரஞ்சனி

அபிராமபுரம்
13 ஜூன், சாயங்காலம்

என் தங்கமே,

கை வீங்கியிருக்கிறது, சோப்புப் போட்டுத்தான் ஏற்றினேன். டாக்டர் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் வளையலைப் பார்த்தார். "சரி, விட்டமின் எழுதறேன்" என்றார்.

ஆனி பிறந்ததும் வளைகாப்பு. அழைத்துவர நானே வருவேன். அப்பா மொட்டைமாடியிலிருந்து இறங்கிவந்து நிஜமாகவே பெயின்ட் வாங்கப் போயிருக்கிறார்.

அம்மா