டிரிப் ஷீட்டில் இல்லாத குழந்தை

மார்ச் 10, செவ்வாய்

எலெக்ட்ரானிக் சிட்டியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலை ஷிப்டுக்கு இரண்டு கேப் தாமதம். திட்டு வாங்கவென்றே டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 11, புதன்

மதியம் காட்டுத்தீ யூகலிப்டஸ் தோப்புக்குள் இறங்கி, ஹெப்பகோடிப் பக்கத்துத் தகர ஷீட் வீடுகளை நெருங்கிவிட்டது. டிரைவர் நரேஷ் போன் செய்தான். "குளோரியா மேடம், ஜனங்க ரோட்ல நிக்கிறாங்க. நம்ம வண்டிங்க சாயங்காலம் வரைக்கும் சும்மாதான நிக்குது?"

மேனேஜரைக் கேட்டால் மெயில் போடச் சொல்வார். கேட்கவில்லை. பதினாலு வண்டியோடு நானும் போனேன்.

பாதி வண்டி பள்ளிக்கூடத்துக்கு, பாதி கல்யாண மண்டபத்துக்கு. ஆபீஸ் வழக்கப்படி டிரிப் ஷீட் எழுதினேன் — ஓர் இருக்கை, ஒரு பெயர். எண்பத்து நாலுக்கு எண்பத்து நாலு. உள்ளே யாரும் இல்லை என்று தீயணைப்பு ஆட்களிடம் பெருமையாகச் சொன்னேன்.

மூன்றரைக்குப் பள்ளியில் ஒருத்தி என் கையைப் பிடித்தாள். ருக்கு, கார்மென்ட்ஸில் வேலை. "எம் பொண்ணு ஸ்னேஹா எங்க? அவங்கப்பாகூட வந்துட்டான்னு நெனச்சேன்." மண்டபத்தில் இருந்த அப்பாவோ, அம்மாவோடு போய்விட்டாள் என்று நினைத்திருக்கிறார். மூன்று வயது. ஷீட்டில் அந்தப் பெயரே இல்லை. மடியில் உட்கார்ந்த எந்தக் குழந்தையையும் நான் எழுதவில்லை. அடிப்பாவி குளோரியா, எல்லாரும் வந்தாச்சுன்னு எந்த வாயால சொன்ன? ஆண்டவரே.

அழ நேரமில்லை. தீயணைப்புக்குப் போன் செய்து, நான் சொன்னது தப்பு, வீடு வீடாகப் பாருங்கள் என்றேன். பிறகு பதினாலு டிரைவருக்கும் ஒரே கேள்வி: "மடில யாரு இருந்தாங்க?"

பதினோராவது ஆள் சொன்னான்: "மூச்சு முட்டிச்சின்னு ஒரு அம்மாவ ஆஸ்பத்திரில எறக்குனேன் மேடம். மடில ஒரு பாப்பா இருந்திச்சி."

பக்கத்து வீட்டு ரத்தினம்மாள். தனியாக நின்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறாள். புகையில் அவளுக்குப் பேச்சு வராததால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்னேஹா பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

என்னோடு வந்த ருக்கு அவளைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எம் பொண்ண ஆளா எழுத உங்களுக்குத் தோணல, இல்ல?"



மார்ச் 12, வியாழன்

மேனேஜர் விளக்கம் கேட்டிருக்கிறார். கேட்கட்டும்.

மார்ச் 14, சனி

காற்று திரும்பிவிட்டது. இப்போது பள்ளிக்கூடத்தைச் சுற்றியே புகை. இந்த முறை மேனேஜருக்கு மெயில் போட்டேன். பதிலுக்குக் காத்திருக்காமல் வண்டிகளோடு பள்ளிக்குப் போனேன்.

ஷீட்டோடு நின்றேன். ருக்கு வந்து அதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "நீங்க வண்டிய பாருங்க. ஆள நான் பாத்துக்கறேன்." சுருக்கென்றது.

ஒவ்வொரு கதவிலும் குனிந்து, பெயர் கேட்டுக் கேட்டு எழுதினாள். இன்னும் பெயர் வைக்காத ஒரு கைக்குழந்தைக்கு, தாயின் பெயரைச் சேர்த்து 'உஷா பாப்பா' என்று போட்டாள். ஸ்னேஹாவை அப்பாவோடு முதல் வண்டியில் ஏற்றிவிட்டாள்.

கடைசி வண்டிக்கு ருக்கு மட்டும்தான் மிச்சம். பெண்ணைத் தனியாகக் கடைசியில் அனுப்பக் கூடாது என்பது எங்கள் டெஸ்க் விதி. நானும் ஏறினேன்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "உங்க பேரு?" என்றாள்.

சொன்னேன். எழுதிக்கொண்டாள்.